பதினோரு வரிகளில் ஒற்றைக் கோடு

1

மார்ச் 11, செவ்வாய். நேற்றைய குறிப்பில் ஒரு தவறு. பதிவேட்டில் பன்னிரண்டு பொய் வரிகள் என்று எழுதியிருந்தது. இன்று காலை வேலைக்குக் கிளம்பும் முன் எடுத்து எண்ணிப் பார்த்ததில் பதினொன்றுதான். ஒன்று குறைந்ததும் மனசுக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது. அப்படி இருந்ததும் தவறுதான். அதையும் இங்கேயே எழுதி வைக்கலாம்.

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மாலை வகுப்பு ஆசிரியை போன வாரம் சொன்னார்: "உங்க வீட்டுல நடந்த ஒண்ணை எழுதுங்க. ஆனா 'நான்' வரக் கூடாது. கொஞ்சம் வெளிய நின்னு பாருங்க." அதனால் இதை எழுதுகிறவள் இதில் 'அவள்'. முதல் வரைவில் முப்பத்தெட்டு இடங்களில் 'நான்' இருந்தது. எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. ஒன்றிரண்டு தப்பியிருந்தால் வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவளுக்கு வேலை, மருந்து லேபிள் அச்சடிக்கும் இடத்தில் பிழை பார்ப்பது. ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை என்று இருக்க வேண்டிய இடத்தில் இருபது என்று போய்விடாமல் பார்த்துக்கொள்கிறவள். எட்டு மணி நேரம் அதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து, பதினோரு வாரம் பொய் எழுதியவளும் அவளேதான்.

2

தொடக்கம், முதல் முயற்சி.

[அடித்தது: "ஒன்றாகச் சிரிக்கும் குடும்பம் ஒன்றாக இருக்கும் என்பார்கள்."]

யார் சொன்னார்கள்? அவள் கேட்டதில்லை.

தொடக்கம், இரண்டாம் முயற்சி.

[அடித்தது: "அப்பாவும் அண்ணனும் முகம் கொடுத்துப் பேசி நாலு வருஷம் ஆகிறது."]

இது உண்மை. ஆனால் எடுத்த எடுப்பிலேயே வாசகரை உட்கார வைத்து மூக்கைச் சிந்துவது போல இருக்கிறது.

அடித்ததை ஏன் அப்படியே விட்டு வைத்திருக்கிறாள் என்று வாசகர் கேட்கலாம். அது அப்பாவின் பழக்கம். அப்பா முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் பதிவேட்டில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, மேலே மை பூசக் கூடாது. ஒற்றைக் கோடு. கோட்டுக்கு அடியில் இருப்பதை அடுத்தவன் படிக்க முடிய வேண்டும். பக்கத்தில் தேதி, கையெழுத்து. அவள் பள்ளிக்கூட நோட்டில் ரப்பர் வைத்துத் தேய்த்தபோதெல்லாம் அப்பா சொன்னது ஒன்றுதான்: "அழிச்சிட்டா அங்க என்ன இருந்துச்சுன்னு யாருக்கும்மா தெரியும்?"

3

'மேல்மாடி காலி' என்கிற நகைச்சுவைத் தொடர் டிவியில் வியாழக்கிழமைதோறும் மாலை ஏழே காலுக்கு வருகிறது. பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. ஐந்து மாடிக் கட்டடம். உச்சி மாடிக்கு மட்டும் குடித்தனம் அமைவதில்லை. வீட்டுக்காரர் வாரம் ஒருவரைக் கூட்டி வந்து காட்டுவார், ஏதோ ஒன்று நடந்து வந்தவர் தலைதெறிக்க ஓடுவார். இரண்டாம் மாடியில் ஓர் அண்ணனும் தம்பியும், கூடத்தின் நடுவில் சாக்பீஸ் கோடு கிழித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் வாழ்கிறார்கள். டிவி கோட்டின் மேல் இருக்கும். ரிமோட் ஒற்றைப்படைத் தேதியில் ஒருவருக்கு. ஒரு லிஃப்ட் உண்டு. அது வாராவாரம் கதவு திறந்தபடியே கிளம்பி மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் நிற்கும்.

அப்பா இந்தத் தொடரைப் பார்க்க ஆரம்பித்ததே அந்த லிஃப்டைத் திட்டுவதற்காகத்தான்.

"கதவு திறந்திருந்தா அது நகரவே நகராது. இதுகூடத் தெரியாம எழுத உக்காந்துட்டான் பாரு!"

"அது சிரிக்கறதுக்குப்பா."

"சிரிக்கத்தானே செய்யறேன். ஆனா தப்பு தப்புதான்."

அப்பா வேலை பார்த்த லிஃப்ட் நிறுவனத்தில் எழுதாமல் மிஞ்சிய பராமரிப்புப் பதிவேடு ஒன்று வீட்டில் கிடந்தது. அப்பா அதை எடுத்து, ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும் முந்தைய நாள் பகுதியை எழுத ஆரம்பித்தார். தேதி. பழுது. செய்த வேலை. கையொப்பம். 'பழுது: வீட்டுக்காரர் வழுக்கி விழும் இடத்தில் சிரிப்பு வரவில்லை. விழப்போவது முன்பே தெரிந்துவிட்டது. செய்த வேலை: ஒன்றும் செய்வதற்கில்லை.' பக்கத்தில் பென்சிலால் இரண்டு கட்டங்கள் போட்டு, தன் மதிப்பெண், மகள் மதிப்பெண். பத்துக்கு.

(ஆசிரியை இந்தப் பகுதியைக் குறைக்கச் சொல்வார். ஆனால் அந்த மேசையில் சிரிப்பு இருந்தது என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் இழக்கப்போவது எது என்று புரியாது.)

4

வாசகர் இங்கே அப்பா பக்கமோ அண்ணன் பக்கமோ சாய்ந்துவிடக் கூடாது என்பது எழுதுகிறவளின் கவலை. மூன்று வரைவில் மூன்று விதமாகச் சாய்ந்தவள் அவள்.

அண்ணனும் அதே நிறுவனத்தில் மெக்கானிக்காக இருந்தான். மாதச் சோதனை என்றால் மொட்டைமாடிக்கு மேலே இருக்கும் மோட்டார் அறைக்கு ஏறிப் போய், பிரேக், எண்ணெய், கம்பிவடம் எல்லாம் பார்த்துவிட்டு, கீழே காவலாளி மேசையில் இருக்கும் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு புதன்கிழமை அண்ணன் ஏறவில்லை. 'மேலறை பார்த்தேன். சரி.' என்று கீழே நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் வேறு காரியமாக அந்தக் கட்டடத்துக்குப் போன அப்பா, மேலறைப் பூட்டைப் பார்த்தார். விரல் படாத தூசி. பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அலுவலகத்துக்குப் போனார். அண்ணனுக்கு வேலை போயிற்று. யாருக்கும் அடிபடவில்லை. லிஃப்டும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மாலை கூடத்தில் நடந்த பேச்சு மொத்தம் இவ்வளவுதான்.

"ஏறினியா?"

"இல்ல."

அண்ணன் அந்த வாரமே மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வேறு வீடு பார்த்துப் போய்விட்டான்.*

[* அந்தப் புதன்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி, அண்ணன் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அதை அவன் அப்பாவிடம் சொல்லவே இல்லை. பல மாதம் கழித்து அவள்தான் சொன்னாள். அப்பா சொன்னார்: "பாக்கலன்னு எழுதியிருக்கலாமே. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. பார்த்தேன்னு எதுக்கும்மா எழுதணும்?"]

5

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். அங்கேயும் 'மேல்மாடி காலி' ஓடியது. அண்ணி 'சம்பந்தி ஆபீஸ்' கட்சி. இரண்டு சம்பந்திகள் ஒரே அலுவலகத்தில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து சண்டை போடும் தொடர் அது, செவ்வாய்க்கிழமை வருவது.

"உங்களுதுல லிஃப்ட் நின்னா சிரிக்கணும், கெளம்பினா கண்ணைத் தொடைக்கணும். எங்களுதுல அந்த வேலையே இல்ல. நிமிஷத்துக்கு ஒரு சண்டை, சுத்தமா இருக்கும்," என்றாள் அண்ணி.

"அதான் வீட்டுலயே இலவசமா நடக்குதே," என்றான் அண்ணன். தலையணை பறந்து வந்தது. பிறகு, திரையில் லிஃப்ட் கதவு திறந்தபடி நகர்ந்தபோது, அண்ணன் தனக்குள் சொல்வது போலக் கேட்டான்: "இதுக்கு அவரு எவ்வளவு போட்டிருப்பாரு?"

'அவரு' என்றுகூட அவன் அப்பாவைப் பற்றிச் சொல்லி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மறுநாள் அவள் இதை வீட்டில் சொன்னாள். அப்பா ரூல்தடியை எடுத்து மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டார். தலைப்பு எழுதவில்லை. "அவன்கிட்ட கேட்டு நீயே எழுது. கேட்டவங்கதான் எழுதணும். உன் கையெழுத்தும் போட்டுடு," என்றார்.

அப்படித்தான் அவர்கள் பேசிக்கொண்டார்கள். அப்பா ஏழு, அண்ணன் ஏழு. அப்பா ஐந்து, அண்ணன் எட்டு, "எட்டா? எதைப் பாத்துட்டு எட்டு போட்டானாம்?" என்று அப்பா முணுமுணுப்பார். அவள் அதைப் போனில் சொல்வாள். "அவருக்கு லிஃப்டைத் தவிர வேற என்ன தெரியுது," என்பான் அண்ணன். அவள் அதைக் கொஞ்சம் மழுப்பி இந்தப் பக்கம் சொல்வாள். மாதக்கணக்கில் நடந்தது.

6

டிசம்பர் கடைசி வாரத்தில் அண்ணன் நிறுத்திக்கொண்டான்.

"மார்க் போட நான் என்ன வாத்தியாரா? பேசணும்னா அவரே பேசட்டும். என் நம்பர் அவர்கிட்ட இல்லன்னா உன்கிட்ட கேக்கட்டும். இனிமே என்னைக் கேக்காத."

வெள்ளிக்கிழமை காலை ஆறரை. அப்பா பேனா மூடியைக் கழற்றி, பதிவேட்டை அவள் பக்கம் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் கட்டம் நிறையாமல் அவர் டீயைத் தொட மாட்டார். டீயின் மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"எவ்வளவாம்?"

"ஆறுப்பா," என்றாள் அவள். எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

அவர் டீயை எடுத்துக் குடித்தார்.

[அடித்தது: "அந்த ஒரு கணத்தில் அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை."] இருந்தது. 'கேட்கவில்லை' என்று எழுதியிருக்கலாம்.

அதற்குப் பிறகு வாராவாரம். பொய்க்கும் ஒரு ஒழுங்கு வைத்திருந்தாள்: அப்பாவின் எண்ணுக்கு ரொம்பப் பக்கத்திலும் இருக்கக் கூடாது, ரொம்பத் தூரத்திலும் போகக் கூடாது. சில வாரங்களில் அண்ணன் சொல்லக்கூடிய மாதிரி ஒரு வரியும் சேர்த்தாள். வாசகர் நம்ப மாட்டார். அந்த வரிகள் நன்றாக அமைந்தபோது அவளுக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது.

போன வியாழக்கிழமை வந்தது கடைசிக்கு முந்தைய பகுதி. இரண்டாம் மாடி அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. தம்பி வீட்டைத் துடைக்கிறான். துடைத்துக்கொண்டே வந்து, சாக்பீஸ் கோட்டையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறான். இருவரும் அதைக் கவனிக்காதது போலவே இருந்துவிடுகிறார்கள். அவ்வளவுதான். பின்னால் சிரிப்புச் சத்தம்கூடப் போடவில்லை. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை ஒன்பது போட்டார். அவர் ஒன்பது போட்டது அதுவே முதல் தடவை. அவள் எட்டு.

அண்ணனும் ஒன்பது போட்டால் அப்பா சந்தேகப்படுவார் என்று தோன்றியது. மூன்றாம் கட்டத்தில் எழுதினாள்: '4. காட்சி நீளம். அழவைக்கப் பார்க்கிறார்கள்.'

அப்பா அதையே வெகு நேரம் பார்த்தார்.

"நாம ரெண்டு பேரும் மயங்கிட்டோம். இவன் மயங்கல, பாத்தியா? எனக்குப் பிடிக்கும்னு தெரிஞ்சும் மனசுல பட்டதை எழுதியிருக்கான்." விரலால் அந்த நாலைத் தடவினார். "இப்படி எழுதறவன் இனிமே பொய் எழுத மாட்டாம்மா. மாறிட்டான்."

அவள் சமையலறைக்குப் போய் ஒரு காரணமும் இல்லாமல் தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினாள்.

"அவன் நம்பர் குடு. கடைசி எபிசோடுக்கு நானே கூப்பிடறேன். ஏழே கால்னா ஏழுக்கு வரச் சொல்றேன்."

"மாத்திட்டான் போலப்பா. கேட்டுத் தரேன்."*

[* நேற்றுப் பன்னிரண்டாவதாக எண்ணியது இதைத்தான். இது வாயால் சொன்னது. பதிவேட்டில் இல்லை.]

7

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் அண்ணனைப் பார்க்கப் போனாள். அவன் இப்போது ஒரு கடையின் டெலிவரி வண்டி ஓட்டுகிறான். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின். கிடங்கு வாசலில் வண்டியின் பின்கதவைத் திறந்து போட்டு, ஃபிரிட்ஜுக்குச் சுற்றும் கம்பளியின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடி ரூல்தடி, இந்தப் பக்கம்? விஷம்னு போட வேண்டிய பாட்டில்ல சத்து டானிக்னு போட்டுட்டியா?"

அவள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். புரையேறும் அளவுக்குச் சிரித்தான்.

"நீயா! ஸ்டாம்ப் கோணலா ஒட்டினா பிரிச்சு ஒட்டறவ! நீயா கள்ளக் கையெழுத்து போட்ட?"

"கள்ளக் கையெழுத்து இல்லண்ணா. என் கையெழுத்துதான்."

"அது இன்னும் மோசம்டி. சரி, போன வாரத்துக்கு என்ன போட்ட?"

"நாலு."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "நாலா?"

"நீ பாக்கறதில்லன்னு நெனச்சு..."

"பாக்கலன்னு நான் எப்ப சொன்னேன்? மார்க் கேக்காதன்னுதானே சொன்னேன். வண்டியை ஒரு சந்துல ஓரங்கட்டிட்டு போன்ல பாத்தேன். உள்ள ஒரு வாஷிங் மெஷின் எறக்காம நிக்குது. அந்தம்மா மூணு தடவை கூப்பிட்டாங்க, எடுக்கல." டப்பாவை மூடினான். "பத்து போட்டிருப்பேன்."

அந்த நாலைப் பார்த்து அப்பா சொன்னதையும் அவள் சொன்னாள்.

"திரும்பச் சொல்லு."

"இப்படி எழுதறவன் இனிமே பொய் எழுத மாட்டான்னு."

அவன் கம்பளியில் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான்.

"அப்ப நாலாவே இருக்கட்டும்."

"அண்ணா..."

"நாலு வருஷம்டி. இப்பதான் என்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்காரு. அதைப் போய் அடிக்கப் போறியா? என் நம்பரை அவர்கிட்ட குடு. நான் வரேன். ஏன் நாலுன்னு கேட்டா நான் பாத்துக்கறேன்."

உள்ளேயிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். முகவரிச் சீட்டைப் படித்துவிட்டு, "அஞ்சாவது மாடி. லிஃப்ட் ஓடலையாம்," என்றான். "எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பான் எவனாவது." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் பின்கதவைச் சாத்தினான்.

8

முடிவுகள்.

முதல் முடிவை இரண்டு பக்கம் எழுதினாள், எழுதும்போது சந்தோஷமாகவே இருந்தது. அண்ணன் ஏழு மணிக்கு வருகிறான். அப்பா நாற்காலியை அவன் பக்கம் நகர்த்துகிறார். "அந்த நாலு ஏன் போட்ட?" "நீளம்ப்பா. துடைக்கறதை அவ்வளவு நேரம் காட்டணுமா?" அப்பா தலையாட்டுகிறார். லிஃப்ட் நகர்கிறது, மூவரும் ஒரே குரலில் திட்டுகிறார்கள். [இரண்டு பக்கமும் அடித்தது.] பத்து போட வேண்டியவன் அங்கே உட்கார்ந்து நாலு என்று சொல்லப் போகிறான். மேலறைக்கு ஏறாமல் 'பார்த்தேன், சரி' என்று இரண்டாம் தடவை. இந்தத் தடவை எழுதிக் கொடுத்தவள் தங்கை.

இரண்டாம் முடிவில் அவள் உண்மையைச் சொல்கிறாள். அப்பா பதிவேட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, பிறகு அழுகிறார். [அடித்தது.] அப்பா எதையும் தூக்கி எறிந்து அவள் பார்த்ததில்லை. அதோடு, அழவைக்கப் பார்க்கிறாள்.

மூன்றாம் முடிவில் நாலை அடித்து அருகில் பத்து என்று எழுதுகிறாள். அதை அவளால் முன்னால் கொண்டுபோக முடியவில்லை. பொய்யான நாலு அண்ணனை நேர்மையானவனாகக் காட்டியது. உண்மையான பத்து, அப்பாவைக் குளிரவைக்கப் போட்டது போல இருக்கும். [முடிக்கவில்லை: "பத்தைப் பார்த்ததும் அப்பா"]

அண்ணன் கேட்டுக்கொண்டதை மீற அவளுக்கு என்ன உரிமை என்று வாசகர் கேட்டால், அவளும் நேற்றிலிருந்து அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவன் வீட்டுக்குள் வருவதற்கு இருக்கும் ஒரே வழி அந்த நாலு. அதை அடித்தால் அப்பா அவன் போன் எண்ணைச் சுழற்றாமலே போகலாம். ஆனால் அடிக்காவிட்டால், இனி ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவன் அந்த நாலைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பொய் எழுதியது அவன் இல்லை. நான்.

(இந்த 'நான்' தப்பி வந்ததில்லை. இருக்கட்டும்.)

9

இதை எழுதும்போது பக்கத்து அறையில் 'சம்பந்தி ஆபீஸ்' ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்ப்பதில்லை என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். விளம்பர இடைவேளையில் குரல் வந்தது.

"என்னம்மா எழுதற?"

"வகுப்புக்குப்பா."

"நடந்ததா, கட்டினதா?"

"நடந்ததுதான்."

"அப்ப தேதி போடு."

"போட்டிருக்கேன்."

டிவி சத்தம் குறைந்தது.

"நம்பர் கெடச்சுதா?"

"கெடச்சுதுப்பா. காலையில தரேன்."

"சரி சரி. அவசரமில்ல," என்றார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அப்பா எழுந்து, டிவிக்கு எதிரே மூன்றாவது நாற்காலி எங்கே போட்டால் திரை தெரியும் என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளைக் காலை அப்பா என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தது போல எழுதினால் அது பன்னிரண்டாவது வரியாகிவிடும். அவரைப் போன்ற ஒருவரை வாசகருக்குத் தெரிந்திருக்கலாம். அடுத்த பக்கம் காலியாகத்தான் இருக்கிறது, எழுதிக்கொள்ளலாம். கையெழுத்து மட்டும் வாசகருடையதாக இருக்கட்டும்.

மார்ச் 12, புதன். செய்ய வேண்டியது: காலை ஆறரைக்குப் பதிவேட்டை அப்பா முன்னால் விரிப்பது. அவர் பார்க்கும்போதே பதினோரு வரிகளிலும் ஒற்றைக் கோடு, தேதி, கையெழுத்து. கடைசி வரியில், அடித்த நாலுக்குப் பக்கத்தில் பத்து. அதற்குப் பிறகு அண்ணனின் எண்ணை ஒரு சீட்டில் எழுதி, டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைப்பது.